மீனைத் திரும்ப விட்டா புண்ணியமா?

முதல்லயே சொல்லிடறேன் மக்களே, இது 'மீன் பிடிப்பது எப்படி' வகையறா இல்லை. அதைச் சொல்ல என்னை விடப் பெரிய கில்லாடிகள் ஊருக்கு நூறு பேர் இருக்காங்க. தூண்டிலைக் கையில எடுத்து ஒரு வருசம் முடிஞ்சுது. அந்த வருசக் கணக்கைப் புரட்டிப் பார்த்தப்ப ஒரு விசயம் உறுத்திச்சு. அதைத்தான் கொஞ்சம் நீட்டி முழக்கப் போறேன். மீன் வாடையே ஆகாதுங்கிற சைவ நண்பர்களும் தைரியமா உள்ள வரலாம். குழம்பு, வறுவல் எல்லாம் இதுல கிடையாது. கிட்டத்தட்ட.

பிடிச்ச மீனை ஒரு போட்டோ எடுத்துட்டு மறுபடி தண்ணியில விடறது உயர்ந்த குணம், வீட்டுக்கு எடுத்துட்டுப் போறது அல்பத்தனம்னு ஒரு நினைப்பு நம்ம ஊருக்கும் வந்தாச்சு. அந்த நினைப்புக்கு ஒரு பங்காளியும் உண்டு: குளத்துல மீன் குஞ்சு விடறது புண்ணியம்ங்கிறது. ரெண்டுலயும் 'விடறது' இருக்கறதால கேக்க நல்லாத்தான் இருக்கு. எனக்கு ரெண்டுமே ஒத்து வரல. என்ன மீன், எந்தத் தண்ணி, எந்த மாசம்னு கேக்காம விடறதும் சரி, பிடிக்கறதும் சரி, கண்ணைக் கட்டிக்கிட்டு வண்டி ஓட்டற கதைதான்.

இப்ப ஏன் இந்தப் பேச்சுன்னா, எங்க பக்கத்துக் குடியிருப்போர் சங்கம் அடுத்த மாசம் குளக்கரையில ஒரு விழா வைக்கறாங்க. மரக்கன்று நடுவாங்க, பிள்ளைங்களுக்கு ஓவியப் போட்டி, கடைசியா குளத்துல மீன் குஞ்சு விடறது. "நீங்கதான் வாராவாரம் தூண்டிலோட போறீங்களே, நீங்களே ஒரு குடத்தை ஊத்தி ஆரம்பிச்சு வையுங்க"ன்னு கேட்டிருக்காங்க. நல்ல மனுசங்க. காசு போட்டு, ஞாயித்துக்கிழமை தூக்கத்தைக் கெடுத்துக்கிட்டு, குளத்துல மிதக்கற பிளாஸ்டிக்கை அள்ளறவங்க. அவங்ககிட்ட 'மாட்டேன்'னு சொல்லணும்னா காரணம் சொல்லணும் இல்லீங்களா? அதுதான் இந்தப் பதிவு.

நான் இருக்கறது கோயமுத்தூர். பொட்டி தட்டற வேலை. நொய்யல் தண்ணியைத் தேக்க வெட்டின குளங்கள் இந்த ஊரைச் சுத்தி நிறைய. உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சி, சிங்காநல்லூர், சூலூர்னு அடுக்கிக்கிட்டே போகலாம். என் குளம் அதுல ஒண்ணு, பேர் வேண்டாம். அது தவிர அப்பப்ப பைக்கை எடுத்துக்கிட்டு சிறுமுகை பக்கம் பவானி ஆத்துக்குப் போவேன். போன தை மாசம் ஆரம்பிச்சது. மூங்கில் குச்சி, தங்கூசி நரம்பு, மயிலிறகுத் தண்டுல செஞ்ச தக்கை, சின்ன ஈயக்குண்டு, முள். மொத்தச் செலவு ஒரு மசால் தோசை காசு. அப்புறம் ஒரு ரீல் ராடும் வாங்கினேன். அதோட விலை தங்கமணிக்குத் தெரியாது, இங்கயும் சொல்ல மாட்டேன்.

ஆபீஸ் புத்தி போகாதே. போன நாள், இடம், தண்ணி மட்டம், இரை, மாட்டின மீன், நீளம், என்ன பண்ணினேன்னு எல்லாத்தையும் எக்ஸெல்ல ஏத்தி வெச்சேன். வருசக் கடைசியில கூட்டிப் பார்த்தா, 38 நாள் போயிருக்கேன். குளத்துக்கு 29, ஆத்துக்கு 9. மொத்தம் 163 மீன். அதுல 95 ஜிலேபி. 22 ஆப்பிரிக்கக் கெளுத்தி. கட்லா, ரோகு, மிர்கால் சேர்த்து 14. டேங்க் கிளீனர் 5, அதுவும் இரையைத் தின்னு மாட்டினது குறைச்சல், முள்ளு உடம்புல கொக்கி போட்டு வந்ததுதான் ஜாஸ்தி. மிச்சம் 27 தான் நம்ம மண்ணு மீன். பொடிக்கெண்டை 13, குறவை 6, நாட்டுக் கெளுத்தி 4, விரால் 3, ஆரல் 1. அந்த 27-லயும் 15 ஆத்துல மாட்டினது. அதாவது 29 நாள் குளக்கரையில வெயில் காய்ஞ்சதுக்கு 12 உள்ளூர் மீன்.

இது ஆராய்ச்சி இல்லைங்கறது எனக்கும் தெரியும். நான் மைதா உருண்டையும் மண்புழுவும் போட்டா, அதைத் தின்ற மீன்தான் வரும். பாசி தின்றது வராது, ராத்திரி மேயறது வராது. ஒத்தைத் தூண்டிலை வெச்சு ஒரு குளத்தோட மக்கள் தொகைக் கணக்கெடுப்பு நடத்த முடியாது. ஆனாலும் ஆறுல ஒண்ணுதான் உள்ளூர்க்காரன்னு வர்றப்ப, அது வெறும் இரை கோளாறுன்னு ஒதுக்கவும் முடியல.

இந்த வருசத்துல எனக்கு வாத்தியாரா அமைஞ்சவர் குளக்கரையில உக்காரற ஒரு பெரியவர். மில்லுல முப்பது வருசத்துக்கு மேல வேலை பார்த்தவர். மில்லு மூடினதுக்கு அப்புறம் காலையில தூண்டில், மத்தியானம் தூக்கம், சாயங்காலம் டீக்கடை. ஒரே குச்சி, ஒரே தக்கை, பக்கத்துல ஒரு பெயிண்ட் டப்பா. ஆவணி மாசம் ஒருநாள் ரெண்டு பசங்க வந்தாங்க. கார்பன் ராடு, கறுப்புக் கண்ணாடி, பாக்கெட் பத்து வெச்ச சட்டை. பெரியவர் ஒரு மூணு கிலோ தேறும் கெளுத்தியை இழுத்துப் போட்டு டப்பாவுல வெச்சார். அதுல ஒரு பையன் கிட்ட வந்து, "அங்கிள், பெரிய மீனை எல்லாம் எடுத்துட்டுப் போகக் கூடாது. அதுதான் முட்டை வைக்கும். திரும்ப விட்டுடணும். அப்பத்தான் மீன் இனம் அழியாம இருக்கும்"னு பாடம் எடுத்தான். மரியாதையாத்தான் சொன்னான், குறை சொல்ல மாட்டேன்.

பெரியவர் அவனை ஏற இறங்கப் பார்த்துட்டு, "ஏனுங் தம்பி, இந்தக் கருமத்தைய எதுக்குங் மறுக்கா தண்ணிக்குள்ள உடறது? இது இருக்கற குளத்துல வேற ஒண்ணு இருக்குமுங்களா?"ன்னு கேட்டார்.

அந்த மீன் ஆப்பிரிக்கக் கெளுத்தி. வளர்க்கவே கூடாதுன்னு மத்திய அரசு தடை போட்டு இருபது வருசத்துக்கு மேல ஆச்சு. ஆனாலும் பாழுங்கிணத்துலயும் கல்லுக்குழியிலயும் கோழிக்கழிவு போட்டு வளர்க்கறது நின்னபாடில்லை. மழை பெஞ்சு நிரம்பினா அங்கிருந்து வாய்க்கால், வாய்க்கால்ல இருந்து குளம். காத்தை நேரடியா மூச்சு விடும். சாக்கடைத் தண்ணியிலயும் ஜம்முனு இருக்கும். தவளை, நண்டு, அடுத்த மீனோட முட்டை, குஞ்சுன்னு வாய்க்குள்ள போற எதையும் விடாது. 'முட்டை வைக்கற பெரிய மீனு'ன்னு அந்தப் பையன் சொன்னது சரி. அதனாலதான் அது திரும்பப் போகக் கூடாது.

இதுல எனக்குக் கோவம் அந்தப் பையன் மேல இல்லை. ஒரு பழக்கத்தை அது பொறந்த இடத்துல இருந்து கழட்டி எடுத்துக்கிட்டு வந்து, இங்க தராசா வெச்சு அடுத்தவனை எடை போடறோமே, அது மேலதான். குளிர் நாட்டு ஆறுகள்ல, அந்த ஆத்துக்கே சொந்தமான மீன் குறைஞ்சுக்கிட்டு வர்றப்ப, பிடிச்சதைத் திரும்ப விடுங்கிற வழக்கம் வந்தது. அங்க அதுல ஒரு நியாயம் இருக்கு. இங்க, சாக்கடை கலக்கற ஒரு குளத்துக் கரையில, இருபதாயிர ரூபா ராடு வெச்சிருக்கறவன் சுற்றுச்சூழல் காவலன், இருபது ரூபா நரம்பு வெச்சிருக்கற பெரியவர் அழிக்க வந்தவர்னு ஆயிடுது. அந்தக் குளத்துக்கு அன்னிக்கு உருப்படியா ஒரு நல்லது பண்ணினது அந்தப் பெயிண்ட் டப்பாதான்.

சரி, ஜிலேபிக்கு வருவோம். நம்ம ஊரு மீன்னே பாதிப் பேர் நினைச்சுக்கிட்டு இருக்காங்க. பேர் அப்படி. உண்மையில அதுவும் ஆப்பிரிக்காக்காரன்தான். 1952-ல இந்தியாவுக்குக் கொண்டு வந்தாங்க. சீக்கிரம் வளரும், ஏழைக்குப் புரதம்னு நல்ல எண்ணம்தான். தென்னாட்டு அணைகள்லயும் குளங்கள்லயும் விட்டாங்க. உடுமலை பக்கம் அமராவதி அணையில பல வருசம் ஜிலேபிதான் ராஜா. இந்த மீனோட சாமர்த்தியம் என்னன்னா, தாய் மீன் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள்ளயே வெச்சுக் காப்பாத்தும். சில மாசத்துலயே பருவத்துக்கு வந்துரும், வருசத்துல பல தடவை குஞ்சு பொரிக்கும். உள்ளங்கை அளவு கூட வளராம, குளம் பூரா குட்டி குட்டியா நெருக்கிக்கிட்டு நிக்கும். மத்த மீன் முட்டை வைக்கற ஓரத்துத் தரையெல்லாம் இது குழி பறிச்சு பட்டா போட்டுக்கும். எனக்கு மாட்டின 95-ல ஒரு சாணைத் தாண்டினது எண்ணி ஏழு.

இதுக்கெல்லாம் முன்னாடியே வெள்ளைக்காரன் ஆரம்பிச்சு வெச்சுட்டான். நீலகிரியில அவனோட ஊரு ஆறு மாதிரியே குளுகுளு ஓடை இருக்கே, அவனோட ஊரு மீனும் இருந்தா நல்லா இருக்குமேன்னு ட்ரவுட் கொண்டு வந்தான். அவலாஞ்சியில 1907-லயே அதுக்குக் குஞ்சு பொரிப்பகம் கட்டியாச்சு. 1939-ல இலங்கையில இருந்து கண்ணாடிக் கெண்டை ஊட்டிக்கு வந்து சேர்ந்தது. நாம சங்கத்துக் குளத்துல விடற கட்லாவும் ரோகுவும் கூட வடக்கத்தி ஆத்து மீனுங்கதான், காவிரிப் படுகைக்குச் சொந்தம் இல்லை. காவிரிக்குன்னு இருந்தது வெண்கெண்டை, கருமுழிக் கெண்டை. பெரியவர் இந்தப் பேரை எல்லாம் சொல்றப்ப, செத்துப் போன சொந்தக்காரங்க பேரைச் சொல்ற மாதிரியே சொல்வார். ஒரு வருசத்துல என் தூண்டில்ல ரெண்டுல ஒண்ணும் மாட்டல.

நல்ல எண்ணத்தோட மீன் விட்டா என்ன ஆகும்ங்கிறதுக்கு நான் சொல்ற பெரிய உதாரணம் காவிரி மஷீர். தூண்டில் போடறவங்களுக்கு இது கடவுள் மாதிரி. முதுகு கூனி, செதில் உள்ளங்கை அளவுக்கு, வாய் தடிச்சு, பாறைக்கு நடுவுல பாயற தண்ணியில எதிர்த்து நிக்கற மீன். 1946-ல கபினி ஆத்துல மைசூர்க்காரர் வான் இன்கன் பிடிச்சது 120 பவுண்டு, சுமார் 54 கிலோ. என் தங்கமணி எடையை விட, சரி வேண்டாம்.

இந்தக் கூனல் மஷீர் காவிரிப் படுகையைத் தவிர உலகத்துல வேற எங்கயும் கிடையாது. குறைஞ்சுக்கிட்டு வருதுன்னு பயந்து, 1970-கள்ல இருந்து லோனாவாலா குஞ்சு பொரிப்பகத்துல வளர்த்த மஷீர் குஞ்சுகளைக் காவிரியில விட ஆரம்பிச்சாங்க. எல்லாரும் கை தட்டினாங்க. ஆனா அங்க வளர்த்தது வேற மஷீர், கிருஷ்ணா பக்கத்து நீலத்துடுப்பு மஷீர். பேர் ஒண்ணு, ஆள் வேற. அது காவிரியில செழிச்சுருச்சு. கர்நாடகாவுல கலிபோர்ங்கிற இடத்துல தூண்டில் முகாம் ஒண்ணு இருந்தது. பிடிச்ச மீனை எல்லாம் எழுதி வெச்சுட்டுத் திரும்ப விடற இடம். அங்க 1998-ல இருந்து 2012 வரைக்கும் எழுதின குறிப்புகளை ஆராய்ச்சிக்காரங்க எடுத்து அலசி 2015-ல கட்டுரை போட்டாங்க. நீலத்துடுப்பு ஏறிக்கிட்டே போகுது, கூனல் காணாமப் போய்க்கிட்டே இருக்குங்கறது அப்பத்தான் வெளியில வந்தது. இதுல பெரிய கொடுமை, அந்தக் கூனல் மஷீருக்கு இதுதான் அறிவியல் பேருன்னு முடிவானதே 2018-லதான். அதே வருசம் உலக சிவப்புப் பட்டியல்ல 'அழிவின் விளிம்பில்'னு போட்டாங்க. அதே நேரத்துல நீலத்துடுப்பு மஷீரை 'கவலைப்பட ஒண்ணும் இல்லை'ங்கிற வரிசைக்கு இறக்கிட்டாங்க. காப்பாத்தறோம்னு விட்டது பொழைச்சுக்கிச்சு, காப்பாத்தப்பட வேண்டியது போயிக்கிட்டு இருக்கு. மிச்சம் இருக்கறதுல முக்கியமானது மாயாத்துல இருக்கற கூட்டம்தான். அது புலிகள் காப்பகத்துக்குள்ள ஓடற ஆறு, தூண்டிலோட போக முடியாது, போகவும் கூடாது.

இந்தக் கதையில 'பிடிச்சு விடறது'க்கு ஒரு நல்ல பேரும் இருக்கு, அதை மறைக்க மாட்டேன். அந்த முகாம்காரங்க பிடிச்சதை எழுதி வெச்சாங்களே, அது இல்லைன்னா என்ன நடந்ததுன்னே யாருக்கும் தெரிஞ்சிருக்காது. ஆனா அங்க உதவினது, விட்ட கையை விட எழுதின கை. நாம போட்டோவை மட்டும் வெச்சுக்கிட்டு நோட்டை விட்டுட்டோம்.

அப்ப என்னதான்யா பண்றதுன்னு நீங்க கேப்பீங்க. சொல்றேன்.

உள்ளூர் மீன் மாட்டினா நான் விடறேன். கையை நனைச்சுக்கிட்டுத்தான் தொடறது, காஞ்ச கையில பிடிச்சா மேல இருக்கற வழவழப்பு போயிடும், அப்புறம் புண்ணு, பூஞ்சைன்னு செத்துரும். முள்ளுல இருக்கற எதிர்க்கொக்கியைக் குறட்டால அமுக்கி மழுக்கிடுவேன். நாலு மீன் தப்பிக்கும், தப்பிக்கட்டும். மடியில வெச்சு நாலு கோணத்துல போட்டோ எல்லாம் கிடையாது. கட்லா, ரோகு மாட்டினா அது குத்தகைக்காரங்களோட மீன். காசு போட்டுக் குஞ்சு வாங்கி விட்டவங்க அவங்க. ஒத்தைத் தூண்டில் போட்டுக்கன்னு அவங்க அனுமதி குடுத்தப்பவே பேசின பேச்சு இது: ஒண்ணு குடுத்துடறது, இல்லை எடை போட்டுக் காசு கட்டறது. ஜிலேபி, ஆப்பிரிக்கக் கெளுத்தி, டேங்க் கிளீனர் மூணும் தண்ணிக்குத் திரும்பப் போகாது. கரைக்கு வந்த உடனே தலையில ஒரு அடி, துடிக்க விடறது இல்லை.

சரி, அதை என்ன பண்றது? இதுதான் எனக்கு ரொம்ப நாள் குடைச்சல். ஆத்து ஜிலேபின்னா சாப்பிடலாம், சாப்பிட்டேன். (ஆமா, இங்கதான் குழம்பு வருது.) ஆனா நகரத்துக் குளத்துல வீட்டுச் சாக்கடை மட்டுமா வருது? சாயம், முலாம் பூசற பட்டறைத் தண்ணின்னு என்னென்னவோ கலக்குது. அந்த மீனை என் வீட்டுல ஆக்கச் சொல்ல எனக்கு மனசு வரல. நான் தின்னாததை 'ஏழைக்குக் குடுத்துட்டேன்'னு சொல்லிப் பெருமைப்படறதும் கேவலம். பெரியவர் சாப்பிடறார். "எம்பது வயசுல இது வந்து என்னைய என்னங் பண்ணிரும்?"னு கேக்கறார். அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. என் பங்கு அன்னூர் பக்கம் தோட்டம் வெச்சிருக்கற நண்பனுக்குப் போகுது. மீனை வெட்டி, அதே எடை நாட்டுச்சக்கரையைப் போட்டு, டப்பாவுல மூடி வெச்சா சில வாரத்துல மீன் அமிலம். தண்ணியில கொஞ்சமாக் கலந்து வாழைக்கும் காய்கறிக்கும் அடிக்கறான். முதல் தடவை மூடியைத் தொறந்தப்ப வந்த வாசனையைப் பத்தி மட்டும் தனிப் பதிவே போடலாம்.

ஒரு தூண்டிலை வெச்சுக்கிட்டு ஜிலேபியை ஒழிச்சுட முடியுமான்னா, முடியவே முடியாது. நான் 95 எடுத்தா அது அந்த வாரமே 950 போடும். இது அழிக்கற வேலையே இல்லை, சேத்துவிடாம இருக்கற வேலை, அவ்வளவுதான். உண்மையான வழி வேற. அதை நம்ம பெரியவங்க பழக்கத்துலயே வெச்சிருந்தாங்க.

புதுக்கோட்டை, சிவகங்கை, மதுரைப் பக்கம் மீன்பிடித் திருவிழான்னு கேள்விப்பட்டிருப்பீங்க. அறுவடை முடிஞ்சு, கண்மாய் வத்தி முழங்கால் தண்ணி ஆனதும், ஒருநாள் துண்டை வீசுவாங்க. ஊரே ஊத்தா, கச்சா, வலைன்னு இறங்கி இருக்கற மீனை எல்லாம் அள்ளிடும். வெளியில இருந்து பார்த்தா இதை விட அநியாயம் இருக்காது. ஒரு மீனைக் கூட விடலையேன்னு நம்ம கார்பன் ராடு தம்பி மயங்கி விழுந்துருவான். ஆனா அப்புறம் குளம் காயும். வெயில் தரையைப் பிளக்கும். அடுத்த மழையில வாய்க்கால் வழியா புதுத்தண்ணி வரும், அதோட ஆத்து மீனும் எதிர் ஏறி வரும். சேத்துக்குள்ள ஈரத்துல ஒளிஞ்சு கிடந்த விராலும் குறவையும் எந்திரிக்கும். வருசா வருசம் சிலேட்டை அழிச்சு எழுதற மாதிரி. வெளியூர்க்காரன் கூடாரம் அடிச்சு உக்கார இடமே இருக்காது.

எங்க கோயமுத்தூர்க் குளங்கள் இப்பக் காயறதே இல்லை. மழை பொய்ச்சாலும் சாக்கடை பொய்க்காது. வருசம் பூரா நிறைஞ்சு நிக்குது, மேல ஆகாயத்தாமரை, கீழ ஜிலேபியும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும். 'குளம் நிறைஞ்சிருக்கு'ன்னு நாம சந்தோசப்படறோம். தண்ணி நிக்கறதும் குளம் உயிரோட இருக்கறதும் ஒண்ணுன்னு எனக்குத் தோணல. கழிவுத் தண்ணியை வேற வழியா திருப்பி, சில வருசத்துக்கு ஒரு தடவையாவது குளத்தைக் காய விட்டா, லட்சம் மீன் குஞ்சு விடறதை விட அதுதான் பெரிய உதவி. ஆனா காஞ்ச குளத்துக்கு யாரும் ரிப்பன் வெட்ட வர மாட்டாங்களே :-)

பிடிச்சு விடறதுலயே நான் கடுமையா எதிர்க்கற ஒண்ணு இருக்கு. விரால் பார்ப்பு. மழைக்காலத்துல குளத்து ஓரமா, தண்ணி மேல செம்பழுப்பா ஒரு தட்டு அகலத்துக்கு ஏதோ கொதிக்கற மாதிரி தெரியும். நூத்துக்கணக்கில விரால் குஞ்சு, மூச்சு எடுக்க மேல வந்து வந்து போகும். அதுக்கு நேர் கீழ தாயும் தகப்பனும் காவல். அந்தக் கூட்டத்து மேல எது விழுந்தாலும் பாஞ்சு கடிக்கும். பசிக்காக இல்லை, பிள்ளைக்காக. இது தெரிஞ்சு அதே இடத்துல ரப்பர் தவளையை எறியறவங்க இருக்காங்க. நூறு சதவீதம் மாட்டும். போட்டோ எடுத்து, எடை போட்டு, வீடியோவுல நாலு வார்த்தை பேசி, பத்து நிமிசம் கழிச்சு "பாருங்க நண்பர்களே, உயிரோட விட்டுட்டோம்"னு விடறாங்க. அந்தப் பத்து நிமிசத்துல காவல் இல்லாத குஞ்சுக் கூட்டத்தைச் சுத்தி ஜிலேபி நிக்கும். மீனு பொழைச்சுது, குடும்பம் போச்சு. எனக்கு மாட்டின மூணு விராலும் கோடையில, மண்புழுவுக்கு வந்தது. ஐப்பசியில ரெண்டு பார்ப்பு பார்த்தேன். ரெண்டு தடவையும் குச்சியைச் சுருட்டி வெச்சுட்டு உக்காந்து வேடிக்கை பார்த்தேன். அந்த ரெண்டு நாளும் எக்ஸெல்ல மீன் எண்ணிக்கை பூஜ்யம், ஆனா வருசத்துலயே நல்ல நாள் எதுன்னு கேட்டா அந்த ரெண்டையும்தான் சொல்வேன்.

ஆத்தைப் பத்தி ஒரு வார்த்தை, ஆர்வக்கோளாறுல யாராவது கிளம்பிடப் போறீங்க. மேட்டுப்பாளையம், சிறுமுகை பக்கம் பவானியில தண்ணி பார்க்க அமைதியா இருக்கும். மேல பில்லூர் அணையில திறந்தா கொஞ்ச நேரத்துல மட்டம் ஏறிடும். மழையே இருக்காது, வானம் நீலமா இருக்கும், தண்ணி மட்டும் வரும். நடு ஆத்துப் பாறையில உக்காந்து தூண்டில் போடற வேலையே வேண்டாம். கரையிலயே நாட்டுக் கெளுத்தி மாட்டும். அது முள்ளால குத்தினா சாயங்காலம் வரைக்கும் சாமி எல்லாம் கண்ணுக்குத் தெரியும்.

இப்ப சங்கத்துக்காரங்க விசயத்துக்கு வர்றேன். என்ன குஞ்சு வாங்கறீங்கன்னு கேட்டேன். "மீன் குஞ்சுதாங்க, பல வகை கலந்து வரும்"னு பதில். எந்த வகைன்னு யாருக்கும் தெரியல. விக்கறவர் சொல்றதுதான் வகை. அது போக, ரெண்டு வீட்டுக்காரங்க தொட்டியில வளர்த்துப் பெருத்துப் போன அலங்கார மீனையும் அன்னிக்கே விட்டுடலாம்னு இருக்காங்களாம். 'பாவம், சின்னத் தொட்டியில கஷ்டப்படுது'. அந்த அஞ்சு டேங்க் கிளீனர் எப்படிக் குளத்துக்கு வந்துச்சுன்னு நினைக்கறீங்க? தென்னமெரிக்காவுல இருந்து நீந்தியா வந்துச்சு? யாரோ ஒரு இளகின மனசுக்காரர் வீடு மாத்தறப்ப விட்டதுதான். உடம்பு பூரா கவசம், கொக்கு கூடத் தொடாது. கரையில வளை தோண்டும், வலையைக் கிழிக்கும். குத்தகைக்காரங்க அதைக் கரையில எறிஞ்சுட்டுப் போறாங்க, காஞ்சு கருவாடா கூட ஆகாது.

அதனால நான் குடத்தை ஊத்தப் போறதில்லை. போய் மரக்கன்று நடறேன், பிளாஸ்டிக் அள்ளறேன். மீனுக்குப் பதிலா ஒரு வேலை கேட்டிருக்கேன்: வர்ற பிள்ளைங்களுக்கு இந்தக் குளத்துல இருக்கற மீன் எது எதுன்னு பேரோட காட்ட ஒரு மேசை. பெரியவரையும் கூட்டிட்டு வர்றதா சொல்லியிருக்கேன். அவர் ஒரு நிபந்தனை போட்டிருக்கார், மேடையில ஏத்தக் கூடாதாம். தலைவர் "கூட்டத்துல பேசிட்டுச் சொல்றேன்"னார். கூட்டம் வர்ற ஞாயிறு, காலையில பத்து மணிக்கு. அதாவது மீன் நல்லாக் கடிக்கற நேரம் முடிஞ்சதுக்கு அப்புறம், அதனால கண்டிப்பாப் போயிடுவேன்.

பி.கு. 1: என் எக்ஸெல் யாருக்காவது வேணும்னா கேளுங்க, தர்றேன். உங்க ஊருக் குளத்துக்கு ஒண்ணு ஆரம்பிங்க. இடம், நாள், மீன் பேர், நீளம், இந்த நாலு இருந்தாப் போதும். மீன் பேரை உங்க ஊர் வழக்கத்துலயே எழுதுங்க. எங்க ஊருல குறவைன்னு சொல்றதை உங்க ஊருல என்னன்னு சொல்றாங்கன்னு தெரிஞ்சுக்க ஆசை.

பி.கு. 2: வெண்கெண்டையையோ கருமுழிக் கெண்டையையோ சமீபத்துல எங்கயாவது கண்ணால பார்த்தவங்க இருந்தா ஒரு வரி சொல்லுங்க. பெரியவர்கிட்ட சொல்லணும்.